ஊருக்குக் கொடுக்கும் புரமோட்டர்: கொங்குப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் என்று எந்தப் பக்கம் போனாலும் ஊருக்கு ஒரு புரமோட்டர் இருப்பார், நிலம் வாங்கி மனை பிரித்து விற்பவர். புறவழிச்சாலை ஓரமாக நான்கைந்து இடத்தில் மனைப்பிரிவு போட்டிருப்பார். கும்பாபிஷேக நோட்டீஸில் முதல் ஐந்து பெயர்களுக்குள் அவர் பெயர் இருக்கும். அரசுப் பள்ளி வகுப்பறைச் சுவரில், சுடுகாட்டுக் கொட்டகையில், தைப்பூச நடைப்பயணக்காரர்களுக்கு மோர் கொடுக்கும் பந்தலில் என்று எல்லா இடத்திலும் அதே பெயர்தான். ஊரில் பாதிப்பேர் "தர்மப் பிரபு" என்பார்கள், மீதிப்பேர் "நிலத்தை முழுங்கினவன்" என்பார்கள். பத்திரம் எழுதும் தொழிலில் இருப்பதால் என்னிடம் இரண்டு தரப்பும் வந்து கேட்கும். இது எந்த ஒரு தனி மனிதரைப் பற்றியதும் அல்ல. அந்த மாதிரி ஆட்களின் தொழிலையும் கொடையையும் பற்றியது.

புரமோட்டருக்கு உண்மையில் என்ன வேலை? வாங்கி விற்பதுதானே?

வாங்கி விற்பது புரோக்கர் வேலைக்குப் பக்கத்தில் வரும். புரமோட்டர் வேலை வாங்குவதற்கும் விற்பதற்கும் நடுவில் இருக்கிறது. தோட்டத்துக்காரரோடு அக்ரிமெண்ட் போடுவது, பங்காளிகள் எல்லோரையும் கையெழுத்துக்குக் கூட்டிவருவது, சர்வேயரை வைத்து அளந்து கல் நடுவது, டி.டி.சி.பி. என்கிற நகர் ஊரமைப்புத் துறையில் வரைபட ஒப்புதல் வாங்குவது, ரோடு, சாக்கடை, தெருவிளக்கு, தண்ணீர்த் தொட்டி போடுவது, ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு எடுப்பது, அப்புறம்தான் விற்பது. இவ்வளவும் முடியும்வரை போட்ட பணம் மண்ணில் கிடக்கும். அந்தப் பணத்துக்கு நூற்றுக்கு ஒன்றரை, இரண்டு என்று வட்டி ஓடிக்கொண்டிருக்கும்.

இதில் மிகக் கடினமானது பங்காளிகளைக் கூட்டிவருவதுதான். பெரியவர் காலமாகி, ஐந்து பிள்ளைகளில் ஒருவர் பெங்களூரில், ஒருவர் துபாயில், ஒரு மகளுக்கு அண்ணன்களோடு பேச்சே இல்லை என்றால் அந்த நிலம் கைக்கு வர வருடக்கணக்காகும். நல்ல புரமோட்டர் பாதி நேரம் குடும்பப் பஞ்சாயத்துதான் செய்துகொண்டிருப்பார்.

எங்கிருந்து வருகிறார்கள் இவர்கள்?

பெரும்பாலும் தோட்டத்துக் குடும்பத்திலிருந்து. சிலர் விசைத்தறி, பனியன், லாரி, கோழிப்பண்ணை, போர்வெல் வண்டி என்று வேறு தொழிலில் சேர்த்த பணத்தைக் கொண்டுவந்தவர்கள். போர்வெல் ஆயிரம் அடியைத் தாண்டியும் புகைதான் வருகிறது, ஆள் கிடைப்பதில்லை, பையன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான் என்றால் தோட்டத்துக்காரர் முதலில் நாலு ஏக்கரைக் கொடுப்பார். அதை வாங்கி மனை போட்டவரைப் பார்த்து மீதி நாலு ஏக்கரைத் தானே போடுவார். இப்படி நிலம் விற்கப் போய் புரமோட்டர் ஆனவர்கள் இங்கே நிறைய.

முதல் சைட்டில் யாரும் தனியாக இறங்குவதில்லை. மச்சான் ஒரு பங்கு, கூடப் படித்தவர் ஒரு பங்கு, மளிகைக்கடைக்காரர் அரைப் பங்கு என்று சேர்த்துப் போடுவார்கள். கணக்கு ஒரு நோட்டில் இருக்கும். இலாபம் வந்தால் கோயிலுக்கு ஒரு பங்கு என்று அந்த நோட்டிலேயே முதல் வரியாக எழுதி வைப்பவர்களும் உண்டு.

5 ஏக்கர் வாங்கினால் 5 ஏக்கரையும் விற்கலாமா?

முடியாது. 5 ஏக்கர் என்பது 500 சென்ட். ரோட்டுக்கே கால் பங்குக்கு மேல் போய்விடும், 130 சென்ட் என்று வையுங்கள். மீதி 370. அதில் 10 சதவீதம், அதாவது 37 சென்ட், பூங்கா, விளையாட்டுத் திடல் போன்ற திறந்தவெளிக்கு. விற்க நிற்பது ஏறத்தாழ 330 சென்ட். வாங்கிய விலையை 500-ஆல் வகுத்துவிட்டு "சென்ட்டுக்கு இவ்வளவு கொள்ளை இலாபமா" என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. அதற்காகப் புரமோட்டரைப் பார்த்துப் பரிதாபப்படவும் வேண்டாம். இதெல்லாம் விலையில் ஏற்றித்தான் விற்கப்படுகிறது.

"பூங்காவுக்கு 37 சென்ட் தானமாகக் கொடுத்தார்" என்று கல்வெட்டு வைத்திருக்கிறார்களே. அது தர்மம் இல்லையா?

என்னிடம் அதிகம் வருகிற கேள்வி இது. இல்லை, அது தர்மம் இல்லை.

10,000 சதுர மீட்டருக்கு மேல், அதாவது கிட்டத்தட்ட இரண்டரை ஏக்கருக்கு மேல் மனைப்பிரிவு போட்டால், ரோடு போக மிச்சத்தில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக விட்டு உள்ளாட்சிக்கு எழுதிக்கொடுத்தே ஆக வேண்டும். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-ல் இருக்கிறது, அதற்கு முன்பும் இருந்தது. 3,000-லிருந்து 10,000 சதுர மீட்டர் வரை உள்ள இடங்களில் நிலமாகக் கொடுக்க முடியாவிட்டால் அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்புப்படி பணமாகக் கட்டலாம். ரோடுகளையும் உள்ளாட்சிக்குக் கொடுத்தாக வேண்டும்.

இந்த ஒப்படைப்பு எல்லாமே தானப் பத்திரமாகத்தான் பதிவாகும். நானே எத்தனையோ எழுதியிருக்கிறேன். கொடுப்பவர் இடத்தில் புரமோட்டர் பெயர், வாங்குபவர் இடத்தில் பேரூராட்சி செயல் அலுவலரோ ஊராட்சித் தலைவரோ. கேமராவைப் பார்த்து ஒரு படம், கைரேகை, முடிந்தது. அந்தப் பத்திரம் இல்லாமல் இறுதி ஒப்புதல் கையில் வராது. அந்தத் தாளைக் காட்டி "ஊருக்குத் தானம் கொடுத்தேன்" என்று மேடையில் பேசுவது, வரி கட்டிய ரசீதைக் காட்டி நாட்டுக்கு நன்கொடை கொடுத்தேன் என்பதுபோலத்தான்.

ரோட்டுக்கும் பூங்காவுக்கும் ஆன காசைக் கொடுத்தது மனை வாங்கியவர்கள். கல்வெட்டில் பெயர் போடுவதானால் அந்த அத்தனை குடும்பத்தின் பெயரையும் போட வேண்டியிருக்கும்.

சரி, எதை வைத்துப் பாராட்டலாம்? 10 சதவீதத்தை எங்கே ஒதுக்கினார் என்று பாருங்கள். மனைப்பிரிவின் நடுவே, நல்ல ரோட்டின் மேல், சதுரமாக விட்டிருந்தால் அவர் கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கிறார். பள்ளத்து ஓரமாக, முக்கோணமாக, மின்கம்பி செல்லும் அடியில் விட்டிருந்தால் சட்டத்தை மட்டும் நிறைவேற்றியிருக்கிறார். வரைபடத்தைப் பார்த்தாலே ஆளைத் தெரியும்.

அந்தப் பூங்கா இடத்தில் பிள்ளையார் கோயில் கட்டிக்கொடுத்தாரே, அதுவாவது புண்ணியம்தானே?

அந்த இடம் அப்போது அவருடையது இல்லை. ஊருக்குப் போன இடத்தில், ஊரைக் கேட்காமல் கட்டியது. சாமி காரியம் என்பதால் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். திறந்தவெளிக்கு ஒதுக்கியதை வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்று உயர்நீதிமன்றம் பலமுறை சொல்லியாகிவிட்டது. கோயில் கட்ட ஆசையென்றால் விற்கிற மனையில் ஒன்றை ஒதுக்கிக் கட்டட்டும். அப்படிச் செய்தவர்களும் இருக்கிறார்கள், அவர்களைக் கும்பிடலாம்.

2016-ல் பல புரமோட்டர்கள் காணாமல் போனார்களே, என்ன நடந்தது?

ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்தது. அதுவரை ஒப்புதல் இல்லாத மனைகள் தாராளமாகப் பதிவாகிக்கொண்டிருந்தன. "பஞ்சாயத்து அப்ரூவல்" என்று ஒரு சீல் போட்டால் போதும் என்ற காலம். 2016 செப்டம்பர் 9-ஆம் தேதி சென்னை உயர்நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்டது. பத்திர அலுவலக வாசலில் டீக்கடை வியாபாரம்கூடப் படுத்தது. நவம்பர் 8-ல் 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்றார்கள். அடுத்த ஆண்டு மே மாதம் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன, 2016 அக்டோபர் 20-க்குள் பதிவான மனைகளுக்கு வழி பிறந்தது. அதே 2017-ல் ரெரா விதிகளும் ஜி.எஸ்.டி.யும் வந்தன.

கடன் வாங்கி அட்வான்ஸ் போட்டிருந்தவர்கள் அதில் மாட்டினார்கள். சிலர் சொந்தத் தோட்டத்தை விற்று வாங்கியவர்களுக்குப் பணம் திருப்பினார்கள். சிலர் போனை அணைத்துவிட்டார்கள். ஒரு புரமோட்டரை எடைபோட வேண்டுமென்றால் அவர் அந்த இரண்டு வருடத்தில் என்ன செய்தார் என்று பழைய வாடிக்கையாளரிடம் கேளுங்கள். கும்பாபிஷேகத்துக்குக் கொடுத்த தொகையைவிட அது அதிகம் சொல்லும்.

சரி, அப்படியானால் எதைத்தான் கொடை என்பீர்கள்?

சட்டம் கேட்காததை, தனக்கு இலாபம் திரும்பாத இடத்தில், கொடுத்த பிறகும் நடக்கிற மாதிரிக் கொடுப்பதை. இந்த மூன்றாவதில்தான் பெரும்பாலோர் வழுக்குவார்கள்.

கொங்கில் இதற்குப் பெரிய முன்மாதிரிகள் உண்டு. கோவை பீளமேட்டில் பி.எஸ்.கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு மகன்கள் சொத்தைப் பிரிக்கும்போது ஐந்தாகப் பிரித்து, ஐந்தாவது பங்கை அறத்துக்கு வைத்தார்கள். 1926-ல் அப்படித் தொடங்கியதுதான் பி.எஸ்.ஜி. அறநிலையம். வருடம் முழுக்கச் சம்பாதித்து மிஞ்சியதில் கொடுத்தது இல்லை. பாகப்பிரிவினையிலேயே ஒரு பங்காளியாக ஊரைச் சேர்த்தார்கள். கட்டடம் கட்டி ரிப்பன் வெட்டினால் அடுத்த வருடம் சம்பளம் யார் கொடுப்பது என்ற கேள்வி வரும், சொத்தையே எழுதிவைத்தால் அந்தக் கேள்விக்கும் பதில் இருக்கும்.

நம்ம ஊர்ப் புரமோட்டரிடம் அந்த அளவை எதிர்பார்க்க வேண்டாம். சின்னதாகவே எத்தனையோ இருக்கிறது. அரசுப் பள்ளிக்குக் கழிப்பறை கட்டிக்கொடுப்பவர்கள் பலர், அதைக் கழுவ ஆள் வைத்து மாதச் சம்பளம் கொடுப்பவர்கள் சிலர். எனக்கு இரண்டாமவர்தான் பெரிய ஆள். அரசு மருத்துவமனைக்கு டயாலிசிஸ் இயந்திரம் வாங்கிக்கொடுத்தவரிடம் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு எத்தனை வருடம் பணம் கட்டியிருக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். எரிவாயு தகன மேடைகளை ரோட்டரி, லயன்ஸ் போன்ற சங்கங்கள் பல ஊர்களில் எடுத்து நடத்துகின்றன. அதில் மாதாமாதம் பற்றாக்குறையைச் சத்தமில்லாமல் கட்டுபவர்கள் உண்டு. அங்கே போட்டோ எடுக்க யாரும் வரமாட்டார்கள்.

இன்னொன்று இட்டேரி. தோட்டங்களுக்கு நடுவே இரண்டு பக்கமும் கிளுவை வேலியோடு போகும் பழைய வண்டித்தடம். மனை போடும்போது அதை விழுங்கிவிடுவது எளிது, பின்னால் இருக்கிற தோட்டத்துக்காரருக்கு வழி போய்விடும். வரைபடத்தில் அதைத் தனியாக விட்டு, தன் நிலத்திலிருந்தும் நாலு அடி சேர்த்து அகலமாக்கிக் கொடுத்தவரின் வேலையை நான் கிட்டத்தில் பார்த்திருக்கிறேன். அளந்து நட்ட கல்லை அவர் ஆட்களே பிடுங்கி உள்ளே தள்ளி நட்டார்கள். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் வேலி ஓரம் நின்று, கல் மறுபடி வெளியே வருகிறதா என்று சாயங்காலம்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். அதற்கு எந்தக் கல்வெட்டும் இல்லை.

குளம் தூர்வாருகிறார்களே, அதில் என்ன கவனிக்க வேண்டும்?

மண் எங்கே போனது என்று. குளத்து வண்டல் பக்கத்துத் தோட்டங்களுக்கும் கரைக்கும் போனால் நல்ல வேலை. கிராவல் வரைக்கும் தோண்டி, அது மனைப்பிரிவு ரோட்டுக்கு அடியில் போயிருந்தால் அது வியாபாரம். வண்டல் எடுக்க வட்டாட்சியர் அனுமதி வேண்டும், எத்தனை லோடு என்பதும் அதில் இருக்கும்.

அப்புறம் குளத்துக்கு வருகிற வாய்க்காலைப் பாருங்கள். குளத்தை ஆழப்படுத்திவிட்டு, தண்ணீர் வரும் பள்ளத்தின் மேலேயே மனை போட்ட கதையும் நடக்கிறது. 2024 ஆகஸ்ட் 17-ல் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் தொடங்கியது. காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியில் போகும் உபரி நீரில் 1.5 டி.எம்.சி.யை கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகளுக்குக் குழாயில் கொண்டுபோகும் திட்டம். தண்ணீர் வந்த பிறகு குட்டை ஓரத்து நிலத்துக்கு மவுசு வரத்தான் செய்யும். அதனால் இந்த நேரத்தில் குட்டையைத் தூர்வார முன்வருபவருக்குப் பக்கத்தில் எவ்வளவு நிலம் இருக்கிறது என்று கேட்பது தப்பில்லை. இருந்தாலும் வேலை நல்லபடியாக நடந்தால் நடக்கட்டும், குட்டைக்குத் தண்ணீர்தான் முக்கியம்.

தென்னந்தோப்பை அழித்து மனை போட்டுவிட்டு மரக்கன்று நடுவது பம்மாத்து இல்லையா?

பாதி பம்மாத்து. மறுபாதியைச் சொல்ல வேண்டுமென்றால், திருப்பூரில் 2015-ல் தொடங்கிய "வனத்துக்குள் திருப்பூர்" போன்ற முயற்சிகளில் நட்டதோடு விடாமல் தண்ணீர் ஊற்றி, வேலி கட்டி வளர்த்தார்கள், நிலம் வைத்திருப்பவர்கள் இடம் கொடுத்தார்கள். நட்ட எண்ணிக்கையை விட்டுவிட்டு இரண்டு கோடை கழித்து எத்தனை நிற்கிறது என்று கேளுங்கள்.

வரிச் சலுகைக்காகத்தானே கொடுக்கிறார்கள்?

அப்படி நினைத்தால் கணக்குத் தெரியாதவர்கள் என்று அர்த்தம். நன்கொடைக்கு வருமான வரிக் கழிவு தரும் 80ஜி பதிவு பெற்ற அறக்கட்டளைக்குக் கொடுத்தால் பெரும்பாலும் கொடுத்ததில் பாதிக்குத்தான் கழிவு, அதற்கும் வருமானத்தில் உச்சவரம்பு உண்டு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதுவும் கிடையாது. புதிய வரி முறையில் இருப்பவருக்கு 80ஜி கழிவே இல்லை. நூறு ரூபாய் கொடுத்து பதினைந்து ரூபாய் மிச்சம் பிடிப்பது பிழைப்பாகாது.

கம்பெனிச் சட்டப்படி இலாபத்தில் 2 சதவீதம் சமூகத்துக்குச் செலவிட வேண்டும் என்பதும் நம்ம ஊர்ப் புரமோட்டரைத் தொடாது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர இலாபம் 5 கோடி என்று ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனிக்குத்தான் அது.

உண்மையான ஆதாயம் வேறு இடத்தில். பெயர் வந்தால் நிலம் கொடுப்பவர் நம்பிக் கொடுப்பார், வாங்குபவர் விசாரிக்காமல் அட்வான்ஸ் கொடுப்பார், அலுவலகத்தில் நாற்காலி போடுவார்கள். அதை நான் குற்றமாகப் பார்க்கவில்லை. ஆனால் அதற்குப் பெயர் விளம்பரச் செலவு.

பெயர் போட்டுக்கொள்வது தப்பா?

தப்பில்லை. கோவை ஆர்.எஸ்.புரம் என்பதே ஒருவர் பெயர்தான். சிறுவாணித் தண்ணீரைக் கோவைக்குக் கொண்டுவருவதில் முன்நின்ற நகர்மன்றத் தலைவர் இரத்தினசபாபதி முதலியார். அங்கே இருக்கிற டி.பி. ரோடும் அவருடைய திவான் பகதூர் பட்டத்தால் வந்ததே. ஊர் வைத்த பெயருக்கும் தானே வைத்துக்கொண்ட பெயருக்கும் வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது.

மறுகோடியில் காளிங்கராயன் இருக்கிறார். 13-ஆம் நூற்றாண்டில் பவானியிலிருந்து கொடுமுடிப் பக்கம்வரை 90 கிலோமீட்டர் வாய்க்கால் வெட்டியவர். சொந்த ஆதாயத்துக்காக வெட்டினார் என்ற பேச்சு வந்ததால், தானும் தன் வம்சமும் அந்தத் தண்ணீரைப் பயன்படுத்துவதில்லை என்று சொல்லிவிட்டுப் பொள்ளாச்சிப் பக்கம் ஊத்துக்குளிக்குப் போய்விட்டார் என்பது வழிவழியாகச் சொல்லும் கதை. வாய்க்காலுக்கு இன்றும் அவர் பெயர்தான்.

டியூப்லைட்டில் வெளிச்சம் தெரியாத அளவுக்கு உபயம் எழுதுகிறவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

அவர்கள் வீட்டு வாழ்க்கை எப்படி?

ஞாயிற்றுக்கிழமை கிடையாது. மனை பார்க்கக் குடும்பத்தோடு வருவது அன்றைக்குத்தான். தையிலும் முகூர்த்த நாட்களிலும் பத்திர அலுவலகத்தில் கூடுதல் டோக்கன் போடுவார்கள், அன்றைக்கு வீட்டு விசேஷம் இருந்தாலும் இவர் அங்கேதான் இருப்பார். ஆடியில் கொஞ்சம் மூச்சு விடலாம். மகன் அப்பா தொழிலுக்கு வந்தால் "வில்லா போடலாம்" என்பான், அப்பா "முதலில் சைட்டை வித்துக் காட்டு" என்பார். மனைவி பெயரில் பாதி நிலம் இருக்கும், எங்கே இருக்கிறது என்று அந்த அம்மாவுக்குத் தெரியாது. கையெழுத்துப் போட மட்டும் காரில் வருவார். அது எனக்கு எப்போதும் உறுத்தும்.

நானும் கொஞ்சம் சம்பாதித்தேன், ஊருக்கு ஏதாவது செய்யலாம் என்று இருக்கிறேன். அறக்கட்டளை தொடங்கட்டுமா?

அவசரப்பட வேண்டாம். அறக்கட்டளை என்றால் வருடா வருடம் தணிக்கை, வருமான வரித்தாக்கல், வரி விலக்குக்கான 12ஏ, 80ஜி பதிவுகளின் புதுப்பிப்பு என்று வேலை இருக்கும். அதற்கு முன் அரசின் வழிகளைப் பாருங்கள். பள்ளிக்கென்றால் 2022 டிசம்பரில் தொடங்கிய "நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி" இருக்கிறது, பள்ளியையும் வேலையையும் நீங்களே தேர்ந்தெடுக்கலாம். ரோடு, பூங்கா, சமுதாயக் கூடம் என்றால் "நமக்கு நாமே" திட்டத்தில் மக்கள் மூன்றில் ஒரு பங்கு கட்டினால் மீதியை அரசு போடும். ஒரு ரூபாய்க்கு மூன்று ரூபாய் வேலை நடக்கும், கணக்கும் அவர்களுடையது.

3 சென்ட் வாங்கப் போகிறேன். புரமோட்டர் பெரிய தர்மவான்னு எல்லாரும் சொல்றாங்க. நம்பலாங்களா?

கொடையைப் பார்த்துக் கும்பிடுங்கள், மனையைப் பார்த்து வாங்குங்கள். இரண்டையும் ஒரே பேச்சாக்க வேண்டாம்.

500 சதுர மீட்டருக்கு மேல் உள்ள மனைப்பிரிவுக்கு ரெரா எண் கட்டாயம். விளம்பரத்திலேயே இருக்க வேண்டும். அந்த எண்ணை ரெரா இணையதளத்தில் போட்டு, ஒப்புதல் வரைபடத்தையும் களத்தையும் ஒத்துப் பாருங்கள். மொத்த விலையில் 10 சதவீதத்துக்கு மேல் கேட்டால் பதிவு செய்த ஒப்பந்தம் போடாமல் கொடுக்காதீர்கள். ரொக்கமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தப்பு, "அண்ணனுக்கு ரசீதெல்லாம் எதுக்கு" என்று கேட்டால் அங்கேயே எழுந்து வாருங்கள். மாதத் தவணை, குலுக்கல், தங்கக்காசு என்றால் 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமுக்கோழியில் பணம் போட்டவர்களுக்கு என்ன நடந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள்.

வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் காசில்லாமலே பார்க்கலாம். அதோடு நிற்காமல், கோயில் இனாம், பூமிதானம், வக்ஃபு என்று ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று கிராம நிலக் கணக்கான ஆ-பதிவேட்டையும் பாருங்கள். தொண்டாமுத்தூர், மதுக்கரை மாதிரி மலையடிவாரம் என்றால் மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் அனுமதி வேண்டிய ஊரா என்று கேளுங்கள். உயர் மின்கோபுரமோ எரிவாயுக் குழாயோ அந்தச் சர்வே எண்ணில் போகிறதா என்று பக்கத்துத் தோட்டத்தில் விசாரியுங்கள், அவர்களுக்குத்தான் சரியாகத் தெரியும்.

கடைசியாக, ரோட்டையும் பூங்காவையும் உள்ளாட்சிக்கு எழுதிக்கொடுத்த தானப் பத்திரத்தின் நகலைக் கேளுங்கள். கொடுத்திருந்தால் சந்தோஷமாகக் காட்டுவார். இழுத்தடித்தால் உள்ளாட்சி அலுவலகத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போடுங்கள். கட்டணம் 10 ரூபாய்.